ஜெபத்தைத் தாங்கும் நன்றி

கிறிஸ்தவர்களின் தனி ஜெபம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் அறுந்துபோகிறது. பல நாள் கேட்டும் கிடைக்காதபோது மனம் சலித்து ஒருவர் முழங்காலிடுவதை நிறுத்துகிறார். கேட்டது கிடைத்துவிட்டபோது, இனிக் கேட்க ஒன்றுமில்லை என்பதால் இன்னொருவர் நிறுத்துகிறார். முதலாவது சோர்வைப் பற்றிப் பிரசங்கங்களும் புத்தகங்களும் நிறையப் பேசுகின்றன. இரண்டாவதில் உள்ள மறதியைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். விண்ணப்பம் மட்டுமே கொண்ட ஜெபம் பதிலை நம்பி வாழ்கிறது. பதில் வராவிட்டாலும் அதற்கு ஆயுள் குறைவு, வந்துவிட்டாலும் குறைவு. நன்றியோ ஏற்கெனவே நடந்து முடிந்ததிலிருந்து புறப்படுகிறது. நாளை என்ன நடந்தாலும் நேற்று நடந்தது மாறப்போவதில்லை. அதனால் நன்றியில் ஊன்றிய ஜெபத்துக்குத் தினமும் தொடங்க ஓர் இடம் இருக்கிறது.

ஜெபம் நாள்தோறும் தொடர்வதற்கு நன்றியே அடித்தளம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்த நன்றி நெருக்கடியில் திடீரென்று பிறப்பதில்லை, சாதாரண நாட்களில் பழகியிருந்தால்தான் நெருக்கடியிலும் நிற்கும் என்பது அதன் மறுபாதி. வேதாகமமும் சபை வரலாறும் இதற்குத் தரும் சான்றுகளைப் பார்ப்போம்.

பத்தில் ஒருவர்

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று இயேசுவிடம் இரக்கம் கேட்கிறார்கள். ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காண்பிக்கும்படி அவர் அனுப்புகிறார். போகிற வழியிலேயே பத்துப் பேரும் சுத்தமாகிறார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி சொல்கிறார், அவர் ஒரு சமாரியர். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்கிறார்.

அந்த ஒன்பது பேரைப் பழிப்பது எளிது. ஆனால் அவர்களும் ஜெபித்தவர்கள்தான், பத்துப் பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்களும் கீழ்ப்படிந்தவர்கள்தான், அனுப்பிய இடத்துக்கே போனார்கள். லேவியராகமம் 14 சொல்லும் சுத்திகரிப்பு முறைகள் முடிந்தால்தான் ஒருவர் ஊருக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் மறுபடி சேர முடியும். நெடுநாள் பிரிந்திருந்த வீட்டை நோக்கி அவர்கள் விரைந்ததில் வியப்பில்லை. பெற்ற சுகம் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதாகவும் லூக்கா சொல்லவில்லை.

இந்தக் கதையின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. ஒன்பது பேரின் ஜெபம் பதில் வந்ததும் முடிந்துவிட்டது. பத்தாமவருக்கோ அந்தப் பதிலே இயேசுவிடம் திரும்பி வருவதற்குக் காரணமாயிற்று. கேட்டுப் பெற்ற ஒவ்வொரு முறையும் மனிதனுக்கு இந்த இரண்டு வழிகளும் திறந்திருக்கின்றன. தொடர்ந்து ஜெபிக்கிறவர் என்பவர் தொடர்ந்து திரும்பி வருகிறவர்தான்.

தடையுத்தரவுக்குப் பின்

தானியேல் புத்தகத்தின் 6-ஆம் அதிகாரம் இதை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டுகிறது. முப்பது நாளைக்கு ராஜாவைத் தவிர வேறு எந்தத் தேவனிடமும் மனிதனிடமும் எவரும் விண்ணப்பம் செய்யக்கூடாது, மீறினால் சிங்கக் கெபி என்று தரியு ராஜா கையெழுத்திடுகிறார். அதை அறிந்த பிறகும் தானியேல் வீட்டுக்குப் போய், எருசலேமை நோக்கிய ஜன்னல்கள் திறந்திருக்க, நாளுக்கு மூன்று வேளை முழங்காலிட்டு ஜெபித்து நன்றி செலுத்துகிறார். இது அவருடைய பழைய வழக்கம் என்பதையும் அந்த வசனமே குறிப்பிடுகிறது.

உயிருக்கு ஆபத்து வந்திருக்கும் நேரத்தில் ஒரு மனிதர் நன்றி சொல்கிறார். அவர் கேட்காமலும் இல்லை. அடுத்த வசனத்தில் அவரைப் பிடிக்க வருகிறவர்கள் காண்பது அவர் விண்ணப்பம் செய்வதைத்தான். நன்றியும் விண்ணப்பமும் ஒரே முழங்காலிடுதலில் சேர்ந்து நிற்கின்றன.

தானியேல் புத்தகம் இன்றுள்ள வடிவத்தை கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், நான்காம் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டை ஒடுக்கிய காலத்தில் பெற்றது என்று வேதாகம அறிஞர் பலர் கருதுகிறார்கள். அப்படியானால் இதை முதலில் வாசித்தவர்களே வழிபாடு தடைசெய்யப்பட்ட நாட்களில் வாழ்ந்தவர்கள். துணிச்சலாக ஏதாவது புதிதாகச் செய்யுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. செய்துவந்ததை விடாதீர்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த செய்தி. ஒரு மனிதர் பல பத்தாண்டுகள் நாளுக்கு மூன்று முறை சொல்லிப் பழகிய நன்றியை முப்பது நாள் சட்டத்தால் அசைக்க முடியவில்லை.

பவுலின் கடிதங்கள்

புதிய ஏற்பாட்டில் நன்றியையும் ஜெபத்தின் தொடர்ச்சியையும் மிக நெருக்கமாகப் பிணைப்பவர் பவுல். ஏறக்குறைய கி.பி. 50-இல், கொரிந்துவிலிருந்து தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் இடைவிடாத ஜெபத்தையும் எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி செலுத்துவதையும் அடுத்தடுத்த வசனங்களில் வைக்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது, கவலைப்படுகிறவர்கள் தங்கள் விண்ணப்பத்தை நன்றியோடு சேர்த்துத் தேவனுக்குத் தெரிவிக்கச் சொல்கிறார். அதை எழுதியபோது அவர் காவலில் இருந்தார். கொலோசெயர் கடிதத்தின் 4-ஆம் அதிகாரத்தில் ஜெபத்தில் உறுதியாக நிலைத்திருத்தல், விழித்திருத்தல், நன்றி ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. ரோமர் கடிதத்தின் முதல் அதிகாரமோ மனித இருதயம் இருளடைந்த கதையைச் சொல்லும்போது, தேவனை அறிந்தும் அவருக்கு நன்றி செலுத்தாததை அதன் தொடக்கத்தில் வைக்கிறது.

பவுல் கற்பித்ததைவிட அவர் செய்துகாட்டியதே இன்னும் கூடுதலாகப் பேசுகிறது. அவருடைய பெரும்பாலான கடிதங்கள் வாழ்த்துரை முடிந்ததும் நன்றியில்தான் தொடங்குகின்றன. கலாத்தியர் கடிதத்தில் அது இல்லாதது உடனே கண்ணில் படுகிறது. கொரிந்து சபையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிகட்டுதல், வழக்குகள், ஒழுக்கக்கேடு, திருவிருந்தில் ஏழைகளை அவமதித்தல் என்று அங்கே இல்லாத குறை இல்லை. அந்தச் சபைக்கு எழுதிய முதல் கடிதத்தையும் அவர்களுக்காக நன்றி சொல்லியே தொடங்குகிறார். கண்டிப்பு பின்னால் வருகிறது, ஒன்றும் மறைக்கப்படுவதில்லை. ஆனால் தேவன் அவர்களில் செய்ததை முதலில் எண்ணிப் பார்த்த பிறகே கடிந்துகொள்கிறார்.

டீட்ரிக் போன்ஹாஃபர் 1939-இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கூட்டுவாழ்வு பற்றிய நூலில் இதே பாதையில் நடக்கிறார். ஃபிங்கன்வால்டேயில் அவர் நடத்திய இறையியல் பயிற்சிக் கூடத்தை 1937-இல் நாசி ரகசியக் காவல்துறை மூடியது. அங்கு வாழ்ந்த வாழ்க்கையிலிருந்தே அந்த நூல் பிறந்தது. ஒரு போதகர் தன் சபையைப் பற்றி மனிதரிடமும் குறைகூறக் கூடாது, தேவனிடமும் கூடாது என்று அதில் எழுதுகிறார். சிறிய அன்றாடக் கொடைகளுக்கு நன்றி சொல்லாதவர்களிடம் பெரிய கொடைகளை எப்படி ஒப்படைப்பது என்றும் கேட்கிறார். மற்றவர்களுக்காக ஜெபிப்பது மெல்ல மெல்ல அவர்களைப் பற்றிய புகாராக மாறிவிடுவது நமக்கும் தெரிந்த ஆபத்து. அந்த மனிதருக்காக முதலில் ஒரு நன்றியைக் கண்டுபிடித்துச் சொல்வதே அதற்கு மருந்து.

இஞ்ஞாசியார் வைத்த வரிசை

நன்றியை நாள்தோறும் செய்யும் பயிற்சியாக வகுத்துத் தந்தவர்களில் லொயோலா இஞ்ஞாசியார் முக்கியமானவர். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அங்கீகரித்த அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் நூலில் தினசரி ஆன்மச் சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு. பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது முதல் படி. பாவங்களை அறியவும் அகற்றவும் அருள் கேட்பது இரண்டாவது. மணிக்கு மணி அந்த நாளைத் திரும்பிப் பார்ப்பது மூன்றாவது. பிறகு மன்னிப்பு, கடைசியில் திருந்தும் தீர்மானம்.

இந்த வரிசையில் ஒரு ஞானம் இருக்கிறது. நாளைத் திரும்பிப் பார்க்க உட்காருகிற மனம் தவறுகளைத்தான் முதலில் தேடும். அப்படித் தொடங்கினால் சோதனை குற்ற உணர்வில் முடியும், குற்ற உணர்வு அலுத்துப்போகும், சில வாரங்களில் பழக்கமே நின்றுவிடும். நன்றியில் தொடங்குகிறவரோ தன்னை நேசிக்கிற ஒருவர் முன் உட்கார்ந்திருப்பதாக அறிந்து தன் பாவத்தைப் பார்க்கிறார். அப்போது உண்மையைச் சொல்லப் பயம் குறைகிறது, மறுநாளும் அதே இடத்துக்கு வரத் தோன்றுகிறது.

1542 மார்ச்சில், போர்த்துக்கலில் இருந்த தம் தோழர் சிமோன் ரோட்ரிகஸுக்கு இஞ்ஞாசியார் ஒரு கடிதம் எழுதினார். பெற்ற நன்மைகளை மறக்கும் நன்றியின்மையே எல்லாப் பாவங்களுக்கும் தொடக்கமும் மூலமும் என்பது அதில் அவர் சொல்லும் கருத்து. அதே ஆண்டு அவருடைய இன்னொரு தோழர் பிரான்சிஸ் சவேரியார் கோவாவில் இறங்கி, முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்தார். தமிழகத்தில் இயேசு சபையின் ஜெப மரபு தொடங்குவது அங்கேதான்.

ஐலன்பர்கில் ஒரு மேசை

நன்றியைப் பற்றிப் பேசும் பிரசங்கங்களில் மார்ட்டின் ரிங்கார்ட்டின் பெயர் அடிக்கடி வரும். 1586-இல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியிலுள்ள ஐலன்பர்கில் பிறந்த லுத்தரன் போதகர் அவர். 1617-இல் சொந்த ஊருக்கே ஊழியம் செய்யத் திரும்பினார். அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் தொடங்கியது. மதில் சூழ்ந்த அந்தச் சிறு நகரத்துக்குள் அகதிகள் வந்து குவிந்தார்கள். 1637-இல் கொள்ளைநோய் புகுந்தது. மற்றப் போதகர்கள் இறந்தோ வெளியேறியோ போக, ரிங்கார்ட் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது பேரைக்கூட அடக்கம் செய்ய வேண்டிவந்தது. அந்த ஆண்டில் அவர் நடத்திய அடக்க ஆராதனைகள் நாலாயிரத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அவருடைய மனைவியும் அந்த ஆண்டில்தான் இறந்தார்.

உலகெங்கும் லுத்தரன் சபைகள் இன்றும் பாடும் புகழ்பெற்ற நன்றிப் பாடல் அவர் இயற்றியது. இவ்வளவு மரணத்துக்குப் பின் அதை எழுதினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கதை. பாடல் ஆய்வாளர்கள் காட்டும் காலவரிசையோ வேறு. அப்பாடல் 1636 வாக்கிலேயே அவருடைய தொகுப்பு ஒன்றில் வெளிவந்ததாகக் கருதப்படுகிறது. அதற்கு அவர் வைத்த தலைப்பு அது சிறியதொரு சாப்பாட்டு ஜெபம் என்று காட்டுகிறது. சீராக் ஆகமத்தின் 50-ஆம் அதிகாரத்தைத் தழுவிய அதன் முதல் பகுதி, தாயின் மடியிலிருந்து இதுவரை காத்தவருக்கு நன்றி சொல்கிறது. அடுத்த பகுதி மகிழ்ந்த உள்ளத்தையும் சமாதானத்தையும் கேட்கும் விண்ணப்பம். அதைத் தொடர்ந்து திரித்துவத் துதி வருகிறது.

காலவரிசை இப்படி மாறுவதால் கதையின் வலிமை குறைந்துவிடுவதாகச் சிலர் வருந்தலாம். எனக்கு அது கூடுவதாகவே படுகிறது. கொள்ளைநோயின் நடுவே ஒரு மனிதர் எப்படியோ நன்றிப் பாடல் எழுதிவிட்டார் என்றால் அது அபூர்வமான ஒருவரின் சாதனை. வீட்டு மேசையில் பிள்ளைகளோடு சொல்லிவந்த நன்றி ஜெபத்தோடு அவர் அந்த ஆண்டுக்குள் நுழைந்தார் என்றால் அது யாரும் பின்பற்றக்கூடிய ஒரு வழி. போரின் பதினெட்டாம் ஆண்டில், உணவுக்குத் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், அந்த மேசையில் இருந்தது கொஞ்சமாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கொஞ்சத்துக்காகவே நன்றி சொல்லப்பட்டது.

புலம்பலுக்கும் இடம் உண்டு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள் என்ற உபதேசம் அழுகிறவர்களை வாயடைக்கும் கருவியாகப் பயன்பட்டிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் போய் ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்று வற்புறுத்துவது ஆறுதலாகாது. எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி சொல்லும்படி பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். அந்தச் சூழ்நிலையே நல்லது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

சங்கீதங்களை வகைப்படுத்திய ஹெர்மன் குங்கெல் என்ற ஜெர்மானிய அறிஞர், அவற்றில் புலம்பல் வகையே மிக அதிகம் என்பதை எடுத்துக்காட்டினார். அவருக்குப் பின் வந்த கிளாவுஸ் வெஸ்டர்மன், புலம்பலும் துதியும் சங்கீதங்களின் இரு துருவங்கள் என்றும், பெரும்பாலான புலம்பல்கள் துதியை நோக்கித் திரும்புகின்றன என்றும் விளக்கினார். 22-ஆம் சங்கீதம் கைவிடப்பட்டவரின் கதறலில் தொடங்கி, சபை நடுவே செலுத்தும் துதிக்கு வந்து சேர்கிறது. 88-ஆம் சங்கீதமோ அப்படித் திரும்பவே இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்று ஏற்று ஜெபப் புத்தகத்தில் வைத்த மரபு, நன்றி சொல்ல முடியாத நாட்களையும் தேவனிடம் கொண்டுவர அனுமதிக்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல், 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 1933-இல் நூலாயின. சுகமாயிருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதும் ஆறுதல்கள் தமக்கு உதவவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொல்கிறார். வலியை மறைக்காமல், வலியின் நடுவிலிருந்தே தேவனை நம்பிப் பேசுகிறார். நன்றிக்கும் உண்மைக்கும் பகை இல்லை என்பதற்கு அந்த எழுத்து சாட்சி.

நன்றி கெட்டுப்போகும் விதங்கள்

நன்றி தன்னளவில் பாதுகாப்பானதும் அல்ல. லூக்கா 18-இல் தேவாலயத்தில் ஜெபிக்கும் பரிசேயர் நன்றியில்தான் தொடங்குகிறார். தான் மற்றவர்களைப் போல இல்லாததற்காக நன்றி சொல்கிறார், பக்கத்தில் நிற்கும் ஆயக்காரரைச் சுட்டியும் காட்டுகிறார். இன்னொருவரின் தாழ்வை வைத்து அளக்கும் நன்றி தேவனைப் பார்ப்பதே இல்லை. ஏழைகளைக் கண்டபின் நம் நிலைமைக்கு ஸ்தோத்திரம் சொல்லும் வழக்கத்தையும் இந்த உவமையின் வெளிச்சத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பேரமாகிப்போகும் நன்றி. நன்றி சொன்னால் இன்னும் கிடைக்கும் என்று கற்பிக்கப்படும்போது அது வேறு உடையில் வரும் விண்ணப்பமாகிவிடுகிறது. சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்திலும் இந்தச் சாய்வைக் காணலாம். வேலை, வீடு, திருமணம், வெளிநாட்டு விசா என்று பதில் கிடைத்தவர்களே எழுந்து பேசுகிறார்கள். பல ஆண்டுகளாகப் பதில் இல்லாமலும் ஜெபத்தை விடாதவர் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். அவரிடமும் ஒரு சாட்சி இருக்கிறது. அதைக் கேட்கச் சபை பழக வேண்டும்.

1662-இல் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகத்தில் சேர்க்கப்பட்ட பொது நன்றி ஜெபம் இந்த ஆபத்துகளுக்கு நல்ல மாற்று. நாரிச் பேராயர் எட்வர்ட் ரெனால்ட்ஸ் இயற்றியது என்று கருதப்படும் அந்த ஜெபம் படைப்பு, பராமரிப்பு, அன்றாட நன்மைகள் என்று வரிசையாக நன்றி சொல்லி, எல்லாவற்றுக்கும் மேலாகக் கிறிஸ்துவின் மீட்புக்கு நன்றி சொல்கிறது. வாழ்க்கை எப்படிப் போனாலும் இந்த முதன்மைக் காரணம் குறைவதில்லை. அடுத்து அது கேட்பது ஒன்றைத்தான்: பெற்ற இரக்கங்களை உணரும் இருதயம். உதடுகளில் மட்டுமின்றி நடத்தையிலும் அந்த நன்றி தெரிய வேண்டும் என்று வேண்டுகிறது. நன்றி நம் முயற்சியால் மட்டும் வருவதல்ல, அதையும் கேட்டே பெற வேண்டும் என்ற தாழ்மை அதில் இருக்கிறது.

உளவியல் சொல்வதும் சொல்லாததும்

2003-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கலஃபும் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அதன் முதல் பகுதியில் மாணவர்கள் பத்து வாரம், வாரத்துக்கு ஒருமுறை, நன்றிக்குரியவை ஐந்து வரை எழுதினார்கள். தொல்லைகளை எழுதிய குழுவைவிட இவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவோடு பேசினார்கள். பின்வந்த மீளாய்வுகள் இத்தகைய பயிற்சிகளின் பலன் உண்மையானாலும் மிதமானதே என்று காட்டின. 2009-இல் நதானியேல் லாம்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, நான்கு வாரம் தினமும் ஜெபித்தவர்களிடம் நன்றியுணர்வு கூடியதைப் பதிவு செய்தது. நன்றி ஜெபத்தை வளர்ப்பதுபோல ஜெபமும் நன்றியை வளர்க்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த முடிவுகள் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவை அளப்பது நன்றி சொல்கிறவரின் நலனை. கிறிஸ்தவ ஜெபத்தில் நன்றி ஒருவரை நோக்கிச் சொல்லப்படுகிறது. மனநிறைவு கிடைக்காத நாளிலும் அவர் நன்றிக்குரியவராகவே இருக்கிறார். பலனுக்காக மட்டும் நன்றி பழகுகிறவர் பலன் தெரியாத வாரத்தில் அதை விட்டுவிடுவார், விண்ணப்பத்தை விட்டதுபோலவே.

பகிர்ந்து உண்ணும் நன்றி

லேவியராகமம் 7 ஸ்தோத்திர பலியைப் பற்றி ஒரு விதி சொல்கிறது. பொருத்தனைக்காகவோ உற்சாகமாகவோ செலுத்திய பலியின் இறைச்சியை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திர பலியின் இறைச்சியையோ அன்றே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை மீதி வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் தனியாக அதைச் சாப்பிட்டு முடிப்பது கடினம், அதனால் மற்றவர்களை அழைத்தே ஆக வேண்டியிருந்திருக்கும் என்று விளக்கவுரையாளர்கள் சொல்கிறார்கள்.

தமிழ்ச் சபைகள் இதை அறியாதவை அல்ல. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பண்டிகை என்றால் அசனம் உண்டு. ஊரே உட்கார்ந்து சாப்பிடும். அறுப்பின் பண்டிகையில் விளைந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைத்து ஏலம் விடுகிறார்கள். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் ஆண்டு முழுவதையும் எண்ணிப் பார்த்து ஸ்தோத்திரம் செலுத்துகிறார்கள். பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும் ஸ்தோத்திர காணிக்கை உறையில் போகிறது. இவை சபை நமக்காகக் கட்டிவைத்த நினைவுக் கட்டமைப்புகள். ஆண்டுக்கு ஒருமுறை செய்வதை நாளுக்கு ஒருமுறை வீட்டுக்குள் கொண்டுவருவதே மீதமுள்ள வேலை.

அதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். குடும்ப ஜெபத்தில் விண்ணப்பங்களுக்கு முன் அந்த நாளில் நடந்த ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி செலுத்தலாம். பொதுவான நன்றி சீக்கிரம் வெறும் வாய்ப்பாடாகிவிடும்; இன்ன மனிதர், இன்ன உதவி, இன்ன வேளை என்று குறிப்பாகச் சொல்லும் நன்றி அன்றன்றைக்குப் புதிதாக இருக்கும். மனம் பொருந்தாத ஒருவருக்காக ஜெபிக்கும்போது அவரைப் பற்றிய ஒரு நன்மையிலிருந்து தொடங்கலாம். கேட்டது கிடைத்த நாளில், அடுத்த தேவைக்குப் போகுமுன், அதற்கென்று ஒரு ஜெபம் தனியாகச் செய்யலாம். ஒன்றும் சொல்ல வராத துக்க நாளில் 88-ஆம் சங்கீதத்தையோ சபையின் பழைய ஜெபம் ஒன்றையோ வாசித்து, மற்றவர்களின் வார்த்தைகளைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம்.

நம் பிள்ளைகளுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்கும்போது பரீட்சைக்கும் சுகத்துக்கும் கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம், அது சரிதான். ஆனால் கேட்க மட்டுமே கற்ற பிள்ளை, முதல் பெரிய ஏமாற்றத்தில் ஜெபத்தையும் சேர்த்து இழக்கக்கூடும். நன்றியும் கற்ற பிள்ளைக்கு, பதில் வராத நாளிலும் தேவனிடம் பேச விஷயம் இருக்கும். நிலையான ஜெபத்தைப் பெரும் பக்திமான்களுக்கு மட்டும் உரிய வரமாக நினைத்து ஒதுங்க வேண்டியதில்லை. பெற்றதை மறக்காமல் சொல்லிவரும் எந்த எளிய விசுவாசிக்கும் அது எட்டும். நெருக்கடி வருமுன் அதைத் தொடங்கிவிட வேண்டும்.